மெசினுக்குத் தெரியாத விரல்

பஞ்ச் எண்டால் குத்து எண்டுதான் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். முல்லைத்தீவுக் கரையிலை இருந்து ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகுதான் அது பெரிய குடும்பமெண்டு விளங்கினது. குழந்தைப்பிள்ளையளின்ரை சட்டைக்கு அமத்துப் பொத்தான் அடிக்கிற என்ரை மெசின் பஞ்ச். கந்தோரிலை கடதாசிக்கு ஓட்டை போடுற சாமான் பஞ்ச். நத்தார்ப் பண்டிகைக்கு அன்னாசித் துண்டு மிதக்கவிட்டு ஊத்திக் குடுத்த சிவப்புத் தண்ணியும் பஞ்ச். பக்கத்து மெசின் பெட்டை படத்திலை வாற மாதிரி ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் அதுவும் பஞ்ச். இதெல்லாத்தோடையும் நான் சமாளிச்சன். வாசலிலை விரல் வைக்கிற பஞ்சோடைதான் ஏலாமல் போச்சுது.

காலமை உள்ளுக்கு வரேக்கையும் பின்னேரம் வெளிக்கிடேக்கையும் அந்தப் பெட்டியிலை பெருவிரலை வைக்கவேணும். பச்சை வெளிச்சம் வந்தால் வேலைக்கு வந்திருக்கிறியள். சிவப்பு வந்தால் வரேல்லை. எனக்குச் சிவப்புத்தான். உள்ளுக்கிருந்து ஒரு பொம்பிளைக் குரல் இங்கிலிசிலை, திரும்ப வை, திரும்ப வை எண்டும். "என்னக்கா, அவவோடை கோவமோ?" எண்டு பின்னாலை நிக்கிற பெட்டையள் சிரிப்பினம். நானும் சிரிப்பன்.

ஏனெண்டு எனக்குத் தெரியும். வீட்டிலை நானும் அப்பாவும்தான். விடியப்புறம் அவர் கடலாலை வந்தால், தங்கூசி வலையிலை சிக்கின மீனை நான்தான் கழட்டுறது. அந்த நைலோன் நூலைப் பெருவிரலாலை தள்ளித் தள்ளித்தான் எடுக்கவேணும். நூலும் உப்புத் தண்ணியும் சேந்து ரேகையைத் திண்டிட்டுது. அப்பாவுக்குக் கிட்டத்திலை கண் தெரியாது. அவரை விட்டால் மீனோடை சேத்துத் தன்ரை கையையும் அறுப்பார்.

வேலை நிரந்தரமாகிற நேரம். அந்த மாதம் வரவு சரியா இருக்கவேணும், இல்லாட்டி நிப்பாட்டிப்போடுவினம். கந்தோரிலை வரவு பாக்கிற தம்பியிட்டைப் போய் நிண்டன்.

"தம்பி, என்னை ஒவ்வொரு நாளும் காணுறனீங்கள்தானே?"

"ஓம் அக்கா. ஆனா மேலிடம் மெசின்ரை கணக்கைத்தானே பாக்குது."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டானாம். நாங்கள் மாதாவைக் கும்பிடுற வேதக்காரர் எண்டாலும் அது எங்களுக்கும் சரிதான். பாவம், அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு விரலாப் பதிஞ்சு, வைக்கச்சொல்லிப் பாத்தார். கடைசியிலை இடக்கைச் சின்னிவிரலுக்குப் பச்சை வந்தது. "மாதாவே!" எண்டு கத்திப்போட்டன்.

பிறகு அந்த விரலை நான் பிள்ளை மாதிரி வளத்தன். தேங்காயெண்ணெய் பூசி, சீலைத்துண்டு சுத்தி, மீன் கழட்டேக்கை அதை மட்டும் தூக்கி வைச்சிருப்பன். "என்ன பிள்ளை, மகாராணி தேத்தண்ணி குடிக்கிறாவோ?" எண்டு அப்பா பகிடி பண்ணுவார். நான் காரணம் சொல்லேல்லை. சொன்னால் வலையைத் தொடவிடமாட்டார்.

பச்சை பச்சையா வந்துகொண்டிருந்தது. மாதம் முடியிற கிழமை, கடல் குழம்பின ஒரு காலமை, அப்பாவின்ரை படகு கரையேறேக்கை அலையொண்டு பக்கத்தாலை அடிச்சுது. அப்பா படகுக்கும் மணலுக்கும் இடையிலை விழுந்திட்டார். படகு திரும்பினால் அவருக்கு மேலைதான். படகின்ரை கயிறு எனக்குக் கிட்டக் கிடந்தது. பிடிச்சன். சின்னிவிரலை மடக்க எனக்கு நினைவு வரேல்லை. கயிறு ரெண்டு கையையும் உரிச்சுக்கொண்டு ஓடிப்போய் நிண்டுது, படகும் திரும்பாமல் நிண்டுது. பக்கத்து மீன்வாடி ஆக்கள் ஓடிவந்து அப்பாவை இழுத்தெடுத்திச்சினம். அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

கையிலை சீலைத்துண்டு சுத்திக்கொண்டு வேலைக்குப் போனன். வாசலிலை அதை அவிட்டுச் சின்னிவிரலை வைச்சன். சிவப்பு. துடைச்சுப்போட்டு வைச்சன். சிவப்பு. அந்தக் கோதாரி விழுந்த குரல் திரும்ப வை, திரும்ப வை எண்டுது. "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோவன், எங்களுக்கும் பிந்துது" எண்டினம். தள்ளி நிண்டன். அந்தக் கிழமை முழுக்க அப்பிடித்தான்.

கடைசி நாள் கந்தோர்த் தம்பி என்ரை முகத்தைப் பாக்கேல்லை. "நீங்கள் வந்தது எனக்குத் தெரியும் அக்கா. மேலிடம் நிப்பாட்டச் சொல்லிப்போட்டுது, நான் என்ன செய்ய?" எண்டார். அழுகைதான் வந்தது. மத்தியான பஸ்ஸிலை வீட்டை வந்திட்டன்.

அப்பா படகிலை சாஞ்சுகொண்டு, வாறவை போறவைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ரை பிள்ளை கயிறை விடேல்லைப் பாருங்கோ. கை உரிஞ்சும் விடேல்லை."

என்னைக் கண்டிட்டு, "ஏன் பிள்ளை, இண்டைக்கு வேளைக்கு வந்திட்டாய்?" எண்டு கேட்டார்.

"கை நோகுது அப்பா" எண்டன்.