மயானச் சாலைப் பூவும் எல்லம்மாவின் கீரையும்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. மந்தைவெளியிலிருந்து கோட்டூர்புரம் ஆற்றங்கரைக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு கட்டு முளைக்கீரை. மயிலாப்பூர் குளத்தோரம் எல்லம்மா விற்கும் கீரையைத்தான் எங்கள் தெரு முழுக்க வாங்கும். திடீரென்று ஒருவரும் வாங்கவில்லை.

"பிணத்துக்குப் போட்ட பூவை உரமாப் போடறாளாம். எல்லாரும் சொல்லிண்டிருக்கா. நிஜமா பொய்யான்னு நீங்களே பாத்துட்டு வாங்கோ" என்றாள் மனைவி.

அவள் தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருபது ரூபாய். டிரைவர் பாலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார். "கீரைத் தோட்டமா? நான் அங்க வர்ல சார். சாவு வாடை அடிக்கும்."

அடிக்கத்தான் செய்தது. விடிந்தும் விடியாத வெளிச்சம், ஆற்றின் மேல் மூட்டம், அழுகிய சாமந்தியும் ரோஜாவும் கலந்த நெடி. துக்க வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. வரப்பில் நடந்தேன். வலப்பக்கம் வேறொருவரின் தோட்டம். பச்சைப்பசேலென்று கீரை, ஆனால் ஒரு பூச்சி, ஒரு தவளைச் சத்தம் கிடையாது. இடப்பக்கம் எல்லம்மாவின் பாத்திகள், பூச்சியும் தவளையுமாகக் காதைத் துளைக்கும் இரைச்சல். நடுவில் ஒரு வரப்புதான். பொய் சொல்வானேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இன்னா நைனா, பயந்துட்டியா?" மூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள் எல்லம்மா.

நேரடியாகக் கேட்டுவிட்டேன். அவளும் மறைக்கவில்லை. சவ ஊர்வலத்தில் வழியெல்லாம் இறைத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பூவை மயானச் சாலையில் வாரி வருகிறாள். கோயிலில் கழித்த மாலைகளும் உண்டு. சாணத்தோடு மக்கவைத்துப் பாத்திகளில் போடுகிறாள்.

ஐப்பசி பாதி போயும் அந்த வருடம் மழை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சாத மூலையெல்லாம் வெடித்துக் கிடந்தது. இவள் பக்கம் அதே மாதிரி மூலையைக் கிளறினால் விரலில் ஈரம் ஒட்டியது. ரோட்டோரம் கொளுத்தினால் புகையாய் வானத்துக்குப் போயிருக்க வேண்டிய பூ, இங்கே மண்ணுக்குள் தங்கிவிட்டது. பருவநிலை மாற்றம் பற்றி இப்போது எதைப் படித்தாலும் அந்த ஈரம்தான் நினைவுக்கு வருகிறது.

"கோயில் பூ மட்டும்னு சொல்லிடேன், வாங்குவாங்க."

"எப்டி நைனா சொல்றது? எங்க ஊட்டுக்காரரு பக்கத்துத் தோட்டத்துல பூச்சி மருந்து அடிச்சிக்கினே வுயுந்து செத்தவரு. அவுருக்குப் போட்ட மாலையத்தான் மொதல்ல பொதைச்சேன். இனிமே இந்த மண்ணுல மருந்து வாணாம்னு. நீ நிக்கிறியே, அந்தப் பாத்திதான்."

கால்களை எடுக்கத் தெரியாமல் நின்றேன்.

"பொங்கல் வரிக்கும் பாப்பேன்றாரு நெலத்துக்காரரு. வியாபாரம் இல்லாட்டி பக்கத்தாளுக்கே குடுத்துடுவாரு. ஊட்ல வாங்குவாங்களா நைனா?"

அந்தப் பாத்தியிலேயே ஒரு கட்டு அறுத்துக் கொடுத்தாள். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி எழுந்துபோய்க் கீரையை ஆய ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நாங்கள் விடாமல் வாங்கினோம். தெருவில் வேறு யாரும் வாங்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் மறுபடி போனேன். அவள் இல்லை. பூ நெடி போய், மருந்து நெடி. கீரை நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. அதே பாத்தியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். இப்போது வரப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கோட்டூர்புரம் தேடிப் போகாதீர்கள். அங்கே இப்போது அடுக்குமாடி. உங்கள் ஊர்ப் பக்கம் மருந்தடிக்காத தோட்டம் இருந்தால் விடியற்காலையில் போங்கள். பழைய செருப்பு போதும், கைப்பை ஒன்று அவசியம். என்ன உரம் என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் எப்படி இருந்தாலும் வாங்கி வந்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுங்கள். ஒரு வீடு மட்டும் வாங்கினால் போதவில்லை.