ஒரு வருஷம் பொறுங்க, ஜெபமணி

ஜெபமணி இறந்துவிட்டார்.

இன்று காலை, மங்கலம் ரோட்டில் அவர் தங்கியிருந்த ரூமில். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

என் ஃபிரெண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. நானும் அவரும் பதினோரு வருஷம் ஒரே மெஷினில் வேலை பார்த்தோம்... கார்ப்பெட் க்ளீனிங். எக்ஸ்போர்ட் ஆபீஸ், துணி வாங்க வெளிநாட்டு பையர் வந்து உட்காரும் ஹால், கல்யாண மண்டப மேடை... திருப்பூரில் எங்கெல்லாம் கார்ப்பெட் கிடக்கிறதோ அங்கெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் முட்டி போட்டிருக்கிறோம்.

அவர் நாசரேத் பக்கம். மனைவியும் மகளும் ஊரில். நான் உள்ளூர்க்காரன். சண்டை போடும்போதும் "ஏனுங்க ஜெபமணி" தான், ஒரு நாளும் "நீ" வந்ததில்லை. அவருக்கு நான் "அண்ணாச்சி". இத்தனைக்கும் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

முதல் வாரமே ஒரு கூத்து. நான் கதவுப் பக்கத்தில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மெஷினோடு இரண்டு பேரும் எதிர் மூலையில் நிற்கிறோம். முன்னால் முழுக்க ஈரம். ஆபீஸ் மேடம் வாசலில் நின்று, "காயற வரைக்கும் ஒருத்தரும் கால் வெக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னலே திறக்காத ஏசி ஹால். மூன்று மணி நேரம் மூலையில் குந்தியிருந்தோம்.

"அவசரம்னா என்ன செய்ய அண்ணாச்சி?"

"மெஷின்ல டேங்க் இருக்குதுல்லங்க."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் மேடம் திரும்ப வந்து எட்டிப் பார்த்தார்.

எங்கள் மெஷின் சோப்புத் தண்ணீரை கார்ப்பெட்டுக்குள் பீய்ச்சி, அழுக்கோடு திரும்ப உறிஞ்சி எடுக்கும். நான் தண்ணீர் கட்சி... நிறைய அடித்தால் நிறைய அழுக்கு போகும் என்று நினைப்பு. அவர் உறிஞ்சும் கட்சி. லிவரை அழுத்தி ஒரு இழுப்பு. பிறகு லிவரை விட்டுவிட்டு, அதே இடத்தில் தண்ணீரே இல்லாமல் மூன்று இழுப்பு. நிதானமாக.

குழாயில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் தண்ணீர் ஓடுவது நிற்கும் வரை அடுத்த வரிக்கு நகர மாட்டார். அப்புறமும் பாக்கெட்டிலிருந்து வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, கார்ப்பெட்டில் வைத்து முட்டியால் அழுத்திப் பார்ப்பார். துணி நனைந்தால் மறுபடியும் மூன்று இழுப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங்க, இது கார்ப்பெட்டுங்களா, கைக்கொழந்தைங்களா?" என்பேன்.

"ஊத்துனதுல பாதி உள்ளதான கெடக்கு அண்ணாச்சி" என்பார், தலையைத் தூக்காமலே.

அவர் லீவில் இருந்த ஒரு நாள், பையிங் ஆபீஸ் ஹால் ஒன்றை நான் தனியாக முடித்தேன். பளிச்சென்று இருந்தது. மறுநாள் பையர் வந்து உட்கார்ந்த நேரத்தில், அடியில் தங்கிய ஈரம் மேலே ஏறி, என்றைக்கோ கொட்டிய டீக் கறையெல்லாம் முன்பைவிடப் பெரிதாக எழும்பி வந்திருக்கிறது. நாற்றம் வேறு.

அதற்குப் பிறகு எந்த ஆபீஸுக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி, "நாசரேத்துக்காரர் வர்றாருங்களா?"

எங்கள் ஓனரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அவரு இருக்கற வரைக்கும்தானுங்க இந்த வேலை. அவரு போயிட்டா மெஷினை வித்துப்போடுவேன். நீங்க பழையபடி டையிங்குக்குப் போயிக்கங்க."

டையிங்... சாயத் தொட்டி நெடியில் ஆறு வருஷம் கிடந்தவன் நான். திரும்பப் போக எனக்குப் பயம். இன்றைக்கும் பயம்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஜெபமணியின் மச்சான் ஊரில் லாண்டரி போட்டார். வந்துவிடு, சேர்ந்து பார்ப்போம் என்று கூப்பிட்டார். டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னபோது ஜெபமணிக்கு முகமே வேறு மாதிரி இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"ஒரு வருஷம் பொறுங்க ஜெபமணி. நீங்க போயிட்டா எனக்கு வேற வழி இல்லீங்க" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "சரி அண்ணாச்சி, ஒரு வருசம்தான" என்றார்.

அடுத்த வருஷம் என் மகள் ப்ளஸ் டூ. அதற்கடுத்த வருஷம் என் முதுகு வலி. அப்புறம் வேறு ஏதோ... காரணத்துக்கா பஞ்சம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரை பஸ் ஏற்றிவிடும்போது, இந்தத் தடவை திரும்பி வரமாட்டாரோ என்று, வரும் தேதியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன். புது வருஷம் முடிந்ததும் பையோடு வந்து நிற்பார். எனக்கு அப்பாடா என்று இருக்கும். அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டதே இல்லை.

இன்று காலை, நீங்க ஆரம்பிங்க, பின்னால் வருகிறேன் என்று அவர் ரூமிலேயே இருந்துவிட்டார். தகவல் வந்தபோது நான் ஒரு ஹாலின் நடுவில், பாதி வேலையில். மதியம் பையர் வருகிறார். "முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்கள். அவசரமாக முடிக்கத்தான் பார்த்தேன். கை கேட்கவில்லை. வரிக்கு மூன்று இழுப்பு... ஒவ்வொரு வரிக்கும்.

முடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அவரை ஊருக்கு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் தாராபுரம் தாண்டிவிட்டது என்றார்கள். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் நம்பருக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, அவியள இந்த மாசத்தோட ஊருக்கே வந்துரச் சொல்லிட்டியளாமே. ஞாயித்துக்கெழம போன்ல சொன்னாவ. அண்ணாச்சியே அனுப்பி வைக்காவன்னு அவியளுக்கு அம்புட்டு சந்தோசம். நீங்க நல்லா இருக்கணும்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

போங்க ஜெபமணி. ஊருக்குப் போங்க.