வெள்ளிக்கிழமை நான்கு மணி

ஹெக்டன் ரயில் நிலையத்தின் விசாரணை சன்னலுக்குப் பின்னால் ஐவி ஓல்ட்ராய்ட் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தாள். யார்க்‌ஷயரின் கம்பளி ஆலை ஊர்களில் ஒன்று அது. எந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே இறங்கி மாற வேண்டும், மாறுகிற இடத்தில் ஒரு தேநீர் குடிக்க நேரமிருக்குமா என்பதையெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வாள். சொன்ன பிறகு திறந்து சரிபார்ப்பாள். அதுவரை எதிரே நிற்பவரை நகர விடமாட்டாள். உன் வாய்வார்த்தையே போதும் என்று அவசரக்காரர் யாராவது சொன்னால், "என் வாயை யாரும் திருத்தி அச்சடிக்கிறதில்ல. நில்லுங்க" என்பாள்.

பதினான்கு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் கூட்டுறவுக் கடையின் மாடியில், மாதர் சங்கத்தில். புதன்கிழமைதோறும் நாற்பது பெண்கள் கூடுவார்கள். குறிப்பேடு எழுதுகிற வேலை ஐவிக்கு. அந்தச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. பட்டியலில் ஏறிய தீர்மானத்தை எதிர்க்கலாம், திருத்தலாம், தோற்கடிக்கலாம்; நேரம் போதவில்லை என்று கைவிடக் கூடாது. இந்தப் புதன் முடியாதது அடுத்த புதனின் முதல் வேலை. நாட்டை ஆள்பவர்களும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று ஐவி வெகுகாலம் நம்பியிருந்தாள்.

கருக்கலைப்பை மருத்துவர்கள் செய்ய சட்டம் இடம்கொடுக்க வேண்டும் என்று அந்த மாதர் சங்கம் முப்பதுகளின் நடுவிலேயே தீர்மானம் போட்டிருந்தது. அன்றைக்கு ஐவி கை தூக்கியது, பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கியதால். நான்கு வருடம் கழித்து அவளுடைய தங்கை மேட்ஜ் இறந்தாள். மூன்று குழந்தைகள் இருந்தன, கணவன் வில்ஃபுக்கு ஆலையில் வாரம் இரண்டு நாள்தான் வேலை, நான்காவது தங்கிவிட்டது. ஆலைக்குப் பின்சந்தில் இருந்த ஒரு கிழவியிடம் போய்வந்தாள். ஒன்பது நாள் கிடந்தாள். வந்து பார்த்த டாக்டருக்கு எல்லாம் புரிந்தது. உண்மையை எழுதினால் போலீஸ் வரும் என்று, ரத்தம் நஞ்சானது என்று மட்டும் சான்றிதழில் எழுதினார். எழுதியதையே வில்ஃப் ஊருக்குச் சொன்னான். ஐவியும் சொன்னாள். மூன்று பிள்ளைகளையும் ஐவிதான் வளர்த்தாள். அவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டாவது வருடம், இந்தச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவருகிறார் என்று கேள்விப்பட்டு, ஐவி விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டன் போனாள். அரசு கொண்டுவராமல் தனி உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். நான்கு மணிக்கு அவை கலைந்துவிடும். பார்வையாளர் மாடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த வேறொரு மசோதாவைப் பற்றி ஆண்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஐவி கேட்க வந்த மசோதா எடுக்கப்பட்டபோது கடிகாரத்தில் ஒரு நிமிடம் பாக்கி. ஒருவர் எழுந்தார், வாயைத் திறந்தார், மணி நான்கு. எல்லோரும் தொப்பியைத் தேடினார்கள்.

பக்கத்தில் இருந்தவரிடம், அடுத்த வெள்ளி இதுதானே முதலில் வரும் என்று ஐவி கேட்டாள். அவர் இவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இனி வராது, செத்துப்போன மாதிரிதான் என்றார். நாற்பது ஆலைப் பெண்கள் கடைப்பிடிக்கிற ஒழுங்குகூட அந்தப் பெரிய கட்டடத்தில் இல்லை என்பதை நம்பவே அவளுக்கு ஊர் வந்து சேரும்வரை நேரம் பிடித்தது.

இன்னும் எட்டு வருடம் கழித்து மறுபடி ஒரு மசோதா வந்தது. இந்த முறை அதுதான் பட்டியலில் முதலாவது. ஹெக்டன் தொகுதி உறுப்பினர் நார்மன் பட்டர்ஃபீல்ட் மாதர் சங்கத்துக்கே வந்து, என் ஆதரவு உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். பழைய நெசவாளி. ஊரின் பித்தளை வாத்தியக் குழுவுக்கு அவர்தான் நடத்துநர். வெள்ளி மாலை ஏழு மணிக்கு ஒத்திகை, அதற்கு அவர் வராத வெள்ளி கிடையாது.

அன்றும் ஐவி மாடத்தில் இருந்தாள். மூன்று மணிக்கு மேல் எதிர்ப்பாளர் ஒருவர் எழுந்து நிதானமாகப் பேசத் தொடங்கினார். நான்கு மணி வரை பேசப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நிறுத்த ஒரே வழிதான்: பேச்சு போதும், வாக்கெடுங்கள் என்று கேட்க வேண்டும், அதற்கு ஆதரவாக நூறு பேர் வாக்களிக்க வேண்டும். மாடத்தில் பென்சிலை எடுக்கக் கூடாது. ஐவி கோட்டுப் பையில் பொத்தான்கள் கொண்டுவந்திருந்தாள். ஆதரவுத் தலை ஒன்றுக்கு ஒரு பொத்தான், இடது பையிலிருந்து வலது பைக்கு. அறுபத்து நான்கோடு நின்றது. அந்த மசோதாவும் நான்கு மணியோடு போயிற்று. பட்டர்ஃபீல்டின் இருக்கை காலியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தைய வாரம் அவர் சன்னலுக்கு வந்து, வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நேரத்தில் வந்துசேர லண்டனில் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவள்தான் பார்த்துச் சொன்னாள். மதியம் ஒன்று இருபது, வேக்ஃபீல்டில் மாற வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தாள். சொன்ன பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கவும் செய்தாள்.

திரும்பி வந்த அவள் யாரிடமும் புலம்பவில்லை. பழைய கால அட்டவணைகளின் அட்டைகளைக் கிழித்து, ஒரே அளவாக வெட்டினாள். ஆதரவு சொன்ன வடநாட்டு உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், தொகுதி, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிற வண்டி, ஏன் அந்த வண்டி. ஒருவருக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு. ஒருவருக்குத் தொகுதி மக்களைச் சந்திக்கிற நேரம். ஒருவருக்குக் கால்பந்து. மற்ற நிலையங்களின் விசாரணை சன்னல்களில் இருந்தவர்களை இருபது வருடமாக அவளுக்குத் தொலைபேசியில் பழக்கம். அவர்கள் கேட்டுச் சொன்னார்கள். ஒவ்வோர் அட்டையின் கீழேயும், நான்கு மணி வாக்கெடுப்புக்குப் பிறகும் அந்த உறுப்பினரை வீடு சேர்க்கக்கூடிய வண்டியை எழுதினாள்.

சட்டத்தை மாற்றப் பாடுபட்ட லண்டன் சங்கத்தின் செயலாளர் பெண்மணி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். கொள்கைதானே முக்கியம், ரயிலா முக்கியம் என்று எழுதியிருந்தார். ஐவி பதில் எழுதினாள்: "கொள்கை அவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. வண்டியில் ஏறிப் போய்விடுகிறது." அதன் பிறகு அந்த அம்மாளும் தென்னாட்டு உறுப்பினர்களுக்கு அட்டை போடத் தொடங்கினார்.

நடுவில் வந்த சில முயற்சிகள் முளைக்கும் முன்பே கருகின. அட்டைகள் மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் திருத்தப்பட்டன. ஐந்தாவது வருடக் கோடையில், பெரிய மசோதா ஒன்று ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. நான்கு மணிவரை இருப்பீர்களா என்று, பிந்திய வண்டியையும் குறித்து, ஐவி எல்லோருக்கும் எழுதினாள். முப்பத்தொருவரில் முப்பது பேரிடமிருந்து சரி என்று பதில் வந்தது. வராதது பட்டர்ஃபீல்டிடமிருந்து.

அவர் சனிக்கிழமை சன்னலுக்கு வந்தபோது ஐவி நேரடியாகவே கேட்டாள்.

"செப்டம்பர்ல போட்டிம்மா" என்றார் அவர். "பேண்டை விட்டுட்டு நான் அங்க உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? நான் ஒருத்தன் இல்லன்னா என்ன, அறுநூறு பேர் இருக்காங்க."

"அந்த அறுநூறு பேரும் இதையேதான் சொல்றாங்க, மிஸ்டர் பட்டர்ஃபீல்ட்."

அவர் முகம் சிவந்தது. ஒத்திகை நாளை மாற்றுவது தன் கையில் இல்லை, குழுவின் சட்டப்படி போட்டிக்கு முந்தைய பத்து வாரத்தில் அதற்கு எல்லா வாத்தியக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும், இதுவரை யாரும் கேட்டதே கிடையாது என்றார். சரி, நான் கேட்கிறேன் என்றாள் ஐவி.

அன்று மாலையே மூன்று கடிதம் எழுதினாள். மேட்ஜின் பிள்ளைகள் மூவரும் வளர்ந்து வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். அவர்கள் அம்மா எப்படி இறந்தாள் என்பதை ஆளுக்கு ஒன்றரைப் பக்கத்தில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதித் தபாலில் போட்டாள். ஊர் வாயிலிருந்து அவர்கள் கேட்கக் கூடாது. பிறகு வில்ஃபின் வீட்டுக்குப் போனாள்; அவன் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. உண்மையில் சமையலறையில்தான் இருந்தான், கதவைத் திறக்கவில்லை. என்ன கேட்க வருகிறாள் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

வாத்தியக் குழுவின் கூடம் ஆலைக்கு மேலே சரிவில் இருந்தது. வெள்ளியன்று ஐவி உள்ளே போனபோது இருபத்தேழு ஆண்கள் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். பின்வரிசையில் பெரிய முரசுக்குப் பின்னால் வில்ஃப். பட்டர்ஃபீல்ட் எதிரே நடத்துநர் கோலோடு நின்றிருந்தார். குழுவின் செயலாளர் சேத் ஆர்மிடேஜ் ஒரு கறிக்கடைக்காரர். ஊரில் அவர் வாய்க்கு யாரும் தப்பியதில்லை.

"என்ன ஐவி, மாதர் சங்கம் இனிமே பேண்டையும் நடத்தப் போகுதா?"

"நடத்தியிருந்தா போன வருஷம் பதினோராவது இடத்துக்குப் போயிருக்க மாட்டீங்க, சேத்."

சிலர் சிரித்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள். ஜூலையில் ஒரே ஒரு வெள்ளி. ஒத்திகை சனிக்கு மாற வேண்டும். சேத் தலையை ஆட்டினார். சனிக்கிழமை பாதிப்பேருக்குக் கிரிக்கெட், பத்து வார விதி விதிதான், தவிர அந்தச் சங்கதி பெண்கள் சங்கதி, இந்தக் கூடத்தில் பேசுகிற விஷயமே இல்லை என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.

ஐவி கைப்பையைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"என் தங்கச்சி மேட்ஜை உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியும். ரத்தம் நஞ்சாகிச் செத்தான்னு சொன்னோம். அவ கலைக்கப் போனா. பின்சந்துல, சமையல் மேசை மேல. ஒன்பது நாள் கிடந்தா. டாக்டரை ஆறாவது நாள்தான் கூப்பிட்டோம், போலீசுக்குப் பயந்து. முன்னாடியே கூப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பான்னு அவரே சொன்னாரு. இருபத்தெட்டு வருஷமா நானும் பொய் சொல்லிட்டேன். அந்தக் கட்டடத்துல இருக்கிறவங்க வேண்டாம்னு சொல்லட்டும், கேட்டுக்கிறேன். ஒண்ணுமே சொல்லாம ரயிலேறிப் போறாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

பட்டர்ஃபீல்ட் கோலைக் கீழே வைத்துவிட்டார். எல்லோருடைய கண்ணும் பின்வரிசைக்குப் போகாமலிருக்கப் பெரும்பாடு பட்டது. ஐவியும் அங்கே பார்க்கவில்லை. அவனைக் கேட்காமல் அவன் வீட்டு ரகசியத்தை இத்தனை ஆண்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். அவன் எழுந்து வெளியே போனாலும் அவளால் குறை சொல்ல முடியாது.

வில்ஃப் எழுந்தான். அவனுக்கு இப்போது அறுபது. முரசுக் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னால சனிக்கிழமை வர முடியும்" என்றான். அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

சேத், "கிரிக்கெட்டுல நாம எப்படியும் தோக்கத்தான் போறோம்" என்று முணுமுணுத்துவிட்டு, கை தூக்கச் சொன்னார். இருபத்தேழு கைகளும் எழுந்தன. கடைசியாக எழுந்தது அவருடையது.

அந்த ஜூலை வெள்ளியன்று ஐவி மாடத்தில் முதல் வரிசையில் இருந்தாள். இடது பை நிறையப் பொத்தான். ஒரு மணி ஆயிற்று, ஒன்று இருபது ஆயிற்று. பட்டர்ஃபீல்ட் இருக்கையை விட்டு எழவில்லை. மாமியார் சாப்பாட்டுக்காரரும் இருந்தார். கால்பந்துக்காரர் இரண்டு மணிக்கு எழுந்து போனார். ஐவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார். எதிர்ப்பவர்களும் மனம் விட்டுப் பேசினார்கள். அவர்கள் பேசியதில் சில வார்த்தைகள் அவளுக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் கடைசி வரை கேட்டாள். மூன்று மணி தாண்டியதும் ஒருவர் நீட்டி முழக்க ஆரம்பித்தார். ஆதரவுப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டார். நூறா என்று எண்ணத் தேவையே இருக்கவில்லை. வலது பை நிறைந்து, பொத்தான்கள் தீர்ந்து, அவள் விரல்கள் வெறுமனே பையைத் துழாவிக்கொண்டிருந்தன.

வாக்கெடுப்பு மணி ஒலித்தது. உறுப்பினர்கள் இரண்டு வாசலாகப் பிரிந்து நடந்தார்கள். ஆதரவு வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. எண்களை வாசித்தபோது, எதிர்த்தவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக ஆதரித்தவர்கள் இருந்தார்கள்.

அது சட்டம் ஆகிவிடவில்லை என்பது ஐவிக்குத் தெரியும். மசோதாவை ஆராயும் குழு இருக்கிறது, மறுபடி அவை இருக்கிறது, பிரபுக்கள் சபை இருக்கிறது. அன்று மாலை வண்டியில் எதிர் இருக்கையில் பட்டர்ஃபீல்ட் போட்டிப் பாட்டை முனகிக்கொண்டே தூங்கிப்போனார். ஐவி அட்டைகளை மடியில் பரப்பி, வராத மூன்று பேரின் பெயருக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்தாள். வேக்ஃபீல்டில் அவரைத் தட்டி எழுப்பி வண்டி மாற்றிவிட்டாள்.

மறுநாள் ஒத்திகைக்கு மாதர் சங்கத்தின் செலவில் தேநீரும் பன்னும் கொண்டுபோனாள். மூன்று பிள்ளைகளின் பதில்களும் வந்திருந்தன. அவற்றை ஓர் உறையில் போட்டு வில்ஃபிடம் கொடுத்தாள். அவன் பிரிக்காமல் மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டான். எண்ணிக்கை என்ன என்று கேட்டான். சொன்னாள். முரசின் தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான்.

"அடுத்த வாக்கெடுப்பு என்னைக்குன்னு முன்னாடியே சொல்லிடு ஐவி. சேத்கிட்ட நானே பேசிடறேன்."

தேதி தெரிந்த உடனே எழுதித் தருகிறேன் என்றாள். எழுதிய பிறகு, சரிபார்த்தும் தருவாள்.