சில்வியா சிஸ்டர் நீட்டிய டம்ளர்

மைசூர் மண்டி மொஹல்லாவில் சில்வியா சிஸ்டரைத் தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சந்தில் யாருக்கு ஊசி போடவேண்டும் என்றாலும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு அவர் பழக்கமானது தபால் கார்டு வழியாக. நான் வேலை பார்த்த ஆங்கில வார இதழில் வாசகர் கடிதங்கள் என் பொறுப்பு. சிஸ்டரின் கார்டில் எப்போதும் ஒரே விஷயம்தான்: எங்கள் சந்துக் குழாயில் சாக்கடை கலக்கிறது, பிள்ளைகளுக்குக் காமாலை வருகிறது.

ஒரு வருடத்தில் அவருடைய பதினோரு கார்டுகளை இதழில் போட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். குழாய்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர் அதே ஊரில், விஜயநகர்ப் பகுதியில் இருந்தார். "தண்ணீர் நன்றாகவே உள்ளது" என்று ஒரு வரி பதில் அனுப்புவார். அதையும் அவர் பெயரோடு போடுவேன். பன்னிரண்டாவது கார்டு வந்தபோது சிஸ்டரின் மகள் மோலியே காமாலையில் படுத்துவிட்டாள்.

அது 1999. முதலாளியின் மருமகன் இதழை இன்டர்நெட்டில் ஏற்றத் தொடங்கியிருந்தார். "மைசூர்க்காரனே படிக்கக் காணோம், அமெரிக்காக்காரனா படிக்கப்போகிறான்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பன்னிரண்டாவது கார்டும் இன்ஜினியரின் பதிலும் இன்டர்நெட்டில் ஏறின. சாயங்காலம் காபி குடித்துவிட்டு வருவதற்குள் நியூ ஜெர்சியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "அந்த இன்ஜினியர் என் அப்பா. உங்கள் சிஸ்டர் சொல்வது உண்மையா?"

இருபது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவன், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றேன். விஜயநகரில் எடுபடாத கார்டு கடலைத் தாண்டிவிட்டது. போனதோடு நில்லாமல், ஒரு கேள்வியையும் கூட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

சிஸ்டரை அழைத்துவந்து காட்டினேன். "யாரு, அவரோட பொண்ணேவா?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தார். நான் சூடாகப் பதில் அடிக்க உட்கார்ந்தேன். சிஸ்டர் தடுத்தார்.

"அவங்கப்பா பொய் சொல்றார்னு எழுத வேணாம் சார். பெத்த பொண்ணு, மனசு நோகும். சும்னே, சும்மா ஒரு தடவ அவங்கப்பா எங்க வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்னு எழுதுங்க, போதும்."

அப்படியே அனுப்பினேன். திங்கட்கிழமை இன்ஜினியர் தன் ஸ்கூட்டரில் தனியாக வந்து இறங்கினார். சிஸ்டர் என்னையும் கூப்பிட்டிருந்தார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே முறை? குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். பாயில் படுத்திருந்த மோலி மஞ்சள் கண்களால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியர் டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது.

"ராத்திரி பொண்ணு போன் பண்ணுவா," என்றார் கன்னடத்தில். "குடிச்சீங்களாப்பான்னு கேப்பா."

சிஸ்டர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "குடிக்காதீங்க சார். நான் நர்ஸு, குடிக்க விடமாட்டேன். சரி பண்ணிட்டு வாங்க."

மறுநாளே சந்தில் பள்ளம் தோண்டிக் குழாயை மாற்றத் தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்து மனிதர் திரும்ப வந்தார், அதே ஸ்கூட்டரில். மோலிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று நியூ ஜெர்சிக்கு சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் அடித்தது ஒரே வரி: "உங்கள் அப்பா எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார்."