அணைக்காமல் வைத்த வேன்

ஒரு வாரமாகப் பிரேமாவதி வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றும்போது வேனின் எஞ்சினை அணைப்பதே இல்லை. அவள் வேனில் வருகிறவர்கள் எல்லாரும் சிறுநீரகம் செயலிழந்தவர்கள். வாரத்தில் மூன்று நாள் சுங்கை பட்டாணிக்குப் போய், மெஷினோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தங்களுக்கு வேர்க்கக் கூடாதென்றுதான் ஏர்கோனை ஓட விடுகிறாள் என்று நினைத்து, "மகராசி, நல்லாருக்கணும்" என்று வாழ்த்தினார்கள். அவள் மறுத்துச் சொல்லவில்லை.

உண்மை வேறு. வேனுக்கு அவளுடைய மூத்த மகளின் வயது. காலைக் குளிரில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். சூடேறிய பிறகு அணைத்தால் மறுபடி எழுந்திருப்பது அதன் இஷ்டம். பேட்டரியை மாற்றிப் பார்த்தாயிற்று, குணம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன், பாக்கார் ஆராங் குடியிருப்பில் கடைசி ஆளான பாப்பம்மாவைக் கைத்தாங்கலாகக் கேட்டுக்கு வெளியே அழைத்து வந்தபோது வேன் சத்தமில்லாமல் நின்றது.

"நான்தான் ஓஃப் பண்ணேன் தங்கச்சி," என்றார் முன் சீட்டில் இருந்த பக்கிரிசாமி. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். நல்ல காரியம் செய்த நிறைவு முகத்தில் தெரிந்தது. "கொஞ்ச நேரம் ஏர்கோன் இல்லாட்டி செத்தா போயிருவோம்? டீசல் என்ன சும்மாவா தர்றான்?"

அவரிடம் கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரே சத்தம். மறுபடி திருப்பினாள். மறுபடி அதே 'டக்'.

இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த பாப்பம்மாவின் மகன் சசிதரன் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆண்ட்டி, கோச்சுக்காதீங்க லா. வேனுக்கு வயசாயிருச்சு. அம்மாவ நடுரோட்டுல வச்சிக்கிட்டு நிக்க முடியாது. இனிமே நான் கிரேப் கார் போட்டு அனுப்பிக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கையுறைத் தொழிற்சாலையை விட்டுவிட்டு இந்த ஓட்டத்தை எடுத்ததிலிருந்து, கூட்டிப்போன ஆளைத் திரும்பக் கொண்டுவந்து விடாத நாள் ஒன்றுகூட இல்லை. இந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போனால் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் போய்விடும்.

"இன்னிக்குக் கொண்டுவந்து விடுறேன் தம்பி. அப்புறம் சொல்லுங்க," என்றாள்.

பக்கிரிசாமி கதவைத் திறந்தார். "எறங்குய்யா வால்டர், ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்போம்."

"ஏறுங்கண்ணே மேல! ஊசி குத்துற கைய வச்சிக்கிட்டு வேன் தள்ளுவீங்களா? அந்தக் கைக்கு ஒன்னு ஆச்சுன்னா எந்தக் கடையில ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குறது?" என்று அதட்டினாள் பிரேமாவதி.

"நான் எறங்கவே இல்லையே," என்றார் பின் சீட்டிலிருந்து வால்டர்.

மெஷினுக்காகவே அறுவை செய்து இரத்தக்குழாயைத் தடிக்க வைத்த கை அது. அந்தக் கையால் பளுவான எதையும் தூக்கக்கூடக் கூடாது.

அவள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாள். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரியில் குறையில்லை. அதன் ஒயர் முனைகளும் இறுக்கமாகவே இருந்தன. அப்படியானால் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்தான் கெட்டிருக்கிறது. கியரை நியூட்ரலுக்கு எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள். சசிதரனைச் சாவியிடம் உட்கார வைத்துவிட்டு, டயர் கழற்றும் ஸ்பேனரோடு வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

"நான் தட்டுறப்ப திருப்புங்க தம்பி."

"என்ன வைத்தியம் ஆண்ட்டி இது?"

"மயக்கம் போட்டவன கன்னத்துல தட்டி எழுப்புறது இல்லையா? அதுதான்."

மூன்றாவது தட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே மின்சாரம் கடத்தும் கரிக்கட்டை தேய்ந்துபோன ஸ்டார்ட்டர் என்பது அவளுக்கு உறுதியாயிற்று.

மூன்று பேரையும் நேரத்துக்கு டயாலிசிஸ் சென்டரில் சேர்த்தாள். அவர்கள் மெஷினிலிருந்து எழ நான்கு மணி நேரம் ஆகும். வேனைச் சரிபண்ண அவளுக்கும் அவ்வளவுதான் நேரம்.

ஜொகூருக்கு வேலைக்குப் போகும்வரை, கணவன் ரவிச்சந்திரன்தான் இந்த வேனைப் பார்த்துக்கொண்டான். "டார்ச்ச நேரா புடி, அது போதும்" என்பான். அவளும் நேராகத்தான் பிடித்தாள். வெளிச்சம் எங்கே விழுந்ததோ அங்கே அவள் கண்ணும் இருந்தது. இன்று டார்ச் பிடிக்க ஆளில்லை. வாயில் கவ்விக்கொண்டாள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். பிறகு ஸ்டார்ட்டரின் தடித்த ஒயர், மெல்லிய ஒயர். கீழ் போல்ட் எளிதாக வந்தது. மேல் போல்ட் அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி இழுத்தாள். கிறீச்சென்று அது விட்டுக்கொடுத்தபோது முழங்கை தரையில் உரசித் தோல் போயிற்று.

கழற்றியதை அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு அடுத்த கடை வரிசையிலிருந்த பழைய வண்டிச் சாமான் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பற்சக்கரத்தின் பல்லை எண்ணினாள். ஒரு பல் அதிகம். "இது வேற வேனோடது," என்று தள்ளிவைத்தாள். அடுத்தது பல்லும் பொருந்தியது, போல்ட் துளையும் பொருந்தியது. கடையிலேயே பேட்டரியில் கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினாள்.

மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமில்லை. 'டக்' கூட இல்லை. அதற்குள் சென்டர் கதவு திறந்து, கையில் பஞ்சுக்கட்டோடு பாப்பம்மா வந்து நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

"கொஞ்சம் இருங்கக்கா." மறுபடி அடியில் நுழைந்து டார்ச்சைத் திருப்பினாள். மெல்லிய ஒயர் மாட்டப்படாமல் தொங்கியது. செருகிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது. பின்னால் வந்த பக்கிரிசாமி நல்ல கையால் தொடையில் தட்டிச் சிரித்தார்.

பாக்கார் ஆராங்கில் சசிதரன் தூங்காமல் கேட்டில் காத்திருந்தான்.

"எந்த ஒர்க்‌ஷாப்புல குடுத்தீங்க ஆண்ட்டி?"

"ஒர்க்‌ஷாப்பாவது!" என்றாள் பாப்பம்மா. "நாங்க பெட்ல படுத்திருந்தோம், இவ ரோட்டுல படுத்திருந்தா. வேனோட வயசப் பேசுனியே, இவ கையப் பாரு."

அவன் பிரேமாவதியின் கிரீஸ் கறுப்பு அப்பிய கையைப் பார்த்தான். "சனிக்கிழமையும் அதே நேரம்தானே ஆண்ட்டி?"

"அதே நேரம்தான் தம்பி."

கழுவச் சோப்புத்தூள் கொண்டு வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். செமிலிங்கிலுள்ள தன் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கறுப்பு கையிலேயே இருக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.