கைக்குப் பத்தாத பட்டை

ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்துப்போயிருக்கிறது என்று அளப்பது என் வேலை. அதிலும் எடை கூடியவர்களை மட்டும் தேடிப்பிடித்து அளப்பது. இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் காற்றேறும் பட்டை கட்டிப் படுக்கவைத்தால், நாடியின் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மெஷின் சொல்லிவிடும். "நீங்க குண்டா இருக்கீங்க, வாங்க" என்று ஒரு மனுஷரைக் கூப்பிடுவதுதான் கஷ்டம். முகாம், கணக்கெடுப்பு என்று ஊர் ஊராக அலைந்தவர்களே, உங்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்.

வேகம்

மலைமேல் புதூர்நாட்டில் முதலில் மாட்டியவர் ஜீப் ஓட்டும் சேகர். நாற்பதுகூட ஆகவில்லை, வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். அளந்து முடித்து, "நாடி ரொம்ப வேகமா ஓடுதுண்ணா" என்றேன். மனுஷர் வெளியே நின்ற கூட்டாளிகளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

உட்காரவைத்துச் சொன்னேன். தண்ணி பாய்ச்சுகிற ரப்பர் பைப் புதிதாக இருந்தால் விரிந்து கொடுக்கும். வெயிலில் இறுகிப்போனது கொடுக்காது. உள்ளே அடிக்கிற அடி விர்ரென்று கடைசிவரை ஓடும். உடம்பில் அந்த அடியை மூளையும் கிட்னியும்தான் வாங்கும். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மலையில வண்டிய இருவதுக்கு மேல ஓட்டாதவன் நானு. எனக்குள்ள இவ்ளோ ஸ்பீடு இன்னாத்துக்கு மேடம்?"

பட்டை

சந்தவாசல் முகாமுக்கு வந்தவர் கோமளா அக்கா, டிபன் கடை வைத்திருப்பவர். எங்களிடம் இருந்தது ஒரே அளவு பட்டை. இழுத்துக் கட்டினேன். காற்று ஏறியதும் பர்ரென்று பிய்த்துக்கொண்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். தாளில் 'அளக்க முடியவில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் டாக்டருக்குப் போன் செய்தால், "இருக்கிறத வெச்சி முடிங்க" என்றார். நான் விடவில்லை. அடுத்த மூன்று முகாம்களில் வந்த எல்லோருடைய கைச்சுற்றளவையும் டேப்பால் அளந்து பட்டியல் போட்டு அனுப்பினேன். மாதக் கடைசியில் பெரிய பட்டைகள் வந்தன.

அவற்றோடு அக்கா வீட்டுக்கே போனேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம்மா, மறுபடி சிரிப்பாங்க." "இங்க நீங்களும் நானும்தான்க்கா" என்றேன். உள்ளே விட்டார். பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. அளவு பிசகில்லாமல் வந்தது. முன்பு வேறெங்கோ சின்னப் பட்டை கூடுதலாகக் காட்டி அவரைப் பயமுறுத்தியிருந்த பிரஷர்கூட, உண்மையில் அவ்வளவு இல்லை. கையைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னார்: "இத்தினி வருசமா என் கைதான் தப்புன்னு நெனச்சினு இருந்தேன்மா."

பத்து நிமிடம்

அளக்கும் முன் பத்து நிமிடம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். சாமைக் கொல்லையில் களை பறித்துவிட்டு நேராக வந்த கன்னியம்மா படுத்ததும் தூங்கிப்போனார். எழுப்பவில்லை; காத்திருந்த பெண்களும் எழுப்பச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து விழித்தவர், வெட்கத்தோடு சொன்னார்: "வூட்ல பகல்ல படுத்தா சோம்பேறின்னுவாங்க. மிஷினு பேர சொல்லி படுத்துட்டேன்."

இரண்டாம் சுற்று

ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளந்தோம். சேகர் மாத்திரையை விடாமல் போட்டு, தினமும் விடியலில் நடந்திருக்கிறார். மெஷினில் எண் இறங்கியிருந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது. அவர் இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் டாக்டர் மலைக்கு வந்து எல்லா முகாம்களின் தாள்களையும் மேஜையில் பரப்பினார். மற்ற முகாம்காரர்களின் தாள்களில் கை ரொம்பப் பெருத்தவர்கள் பெயருக்கு நேரே பல இடங்களில் அளவு இல்லாமல் வெறும் கோடு. என் தாள்களைக் கடைசிவரை புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டெல்லா, உங்க தாள்ல 'அளக்க முடியல'ன்ற வரியே இல்லியே."

மலை முழுக்க அடுத்தவர்களின் விறைப்பை அளந்து சொன்னவள் நான். அன்றைக்கு என் கழுத்து எவ்வளவு விறைப்பாக நிமிர்ந்திருந்தது என்று அளக்கத்தான் எங்களிடம் மெஷின் இல்லை.