மூணு மார்க் கண்ணாடிக்காரர்

அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்கு எதுவும் பிடிக்காது. பிடிக்காததை ஒன்று விடாமல் பார்த்துத் தொலைப்பார், அதுதான் விசேஷம். படம் வந்த முதல் நாள் முதல் காட்சியில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மூன்றைத் தாண்டி அவர் மனசு இறங்கினதாக யாரும் கண்டதில்லை. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே மூணு மார்க் என்று ஆகிப்போனது.

யாராவது செல்போனில் நடிகர் படத்தைக் காட்டி, இதே மாதிரி ஃப்ரேம் வேண்டும் என்று வந்தால் தொலைந்தார்கள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். அந்த ஆள் போட்டிருப்பது பவரே இல்லாத வெறும் கண்ணாடி, அதனால்தான் கதை எழுதின காகிதம் அவன் கண்ணில் படவில்லை என்பார். ஐம்பத்தைந்து வயசில் காலேஜுக்குப் போகிறானே, கூடப் படிக்கிற ஒருத்தருக்குக்கூடவா கண் தெரியவில்லை என்பார். அவன் மெதுவாக நடந்து வருவதையெல்லாம் சாதாரண வேகத்தில் ஓட்டினால் இடைவேளைக்கு முன்னாலேயே எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாமாம். மூக்கில் உட்காரும் ரப்பரை மாற்ற வந்த ஒரு பெரியவர், மகளோடு அதே படத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர், இதைக் கேட்டுவிட்டுப் போகாமலே விட்டுவிட்டார். பாவம், அந்த மகள் ஆசையாகக் கூப்பிட்டிருப்பாள். நம் ஆளுக்கோ அதில் பெருமை வேறு.

டிவி தொடர் என்றால் இன்னும் கேவலம். ஒரு அறை விழுந்தால் அதை மூன்று பக்கத்திலிருந்து காட்டி, வீட்டில் நிற்கிற பதினோரு பேர் மூஞ்சியையும் காட்டி முடிப்பதற்குள், வாங்கினவள் கன்னத்தில் வீக்கமே வடிந்துவிடும் என்பார். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு உதட்டுச் சாயம் பூசிவிட்ட நர்ஸ் எவள் என்று விசாரிப்பார்.

ஹிப்ஹாப் மட்டும் தனிக் கணக்கு. அதில் அவருக்குக் காதலே உண்டு. இளவட்டத்தில் தொளதொள பேண்ட்டும் திருப்பிப் போட்ட தொப்பியுமாகத் தெருவில் திரிந்தவர். அன்றைக்குப் பாடினவனிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, இன்றைக்குப் பாடுகிறவனிடம் கழுத்துச் சங்கிலிதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. “எதிரி எதிரின்னு பாடறானே, இவனுக்கு எதிரியா இருக்க எவனுக்குய்யா நேரம் இருக்கு?”

சிரிப்பு வரும்தான். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வரும். தினமும் அந்த வாயோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் தெரியும். முதலில் எழுந்து போனவள் அவருடைய மகள். காதில் எதையோ செருகிக்கொண்டு அறைக்குள் போனவள், டிவி ஓடும் நேரத்தில் கூடத்துப் பக்கமே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்த மச்சினனுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திடீரென்று வேலை முளைத்தது. மிஞ்சினவள் மனைவி ஒருத்திதான். துவைத்த துணியை மடித்தபடி உட்கார்ந்திருப்பாள், அவர் சொல்வதற்கெல்லாம் லேசாகத் தலையாட்டுவாள். அவருக்கு அது போதும். கேட்க ஆள் இல்லாவிட்டால் மட்டமான படம்கூட அவருக்கு ருசிக்காது.

அந்த மனைவியும் ஏழரை மணியானால் மாடிக்குப் போக ஆரம்பித்தாள். மேல் வீட்டில் இருப்பது ஒரு தையல்காரப் பெண்ணும் அவளுடைய மாமியாரும். பள்ளிச் சீருடை நிறைய வந்திருக்கிறது, கீழ் மடிப்புத் தைக்கக் கூடமாட ஒத்தாசை என்றாள். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, அந்தச் சீருடை தைத்து முடிகிற வழியாக இல்லை. இவர் டிவியைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் திரும்புவார், மடிக்காத துணிதான் கிடக்கும். அவருக்குத் துக்கமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயமாகவும் இருந்தது. இவளும் போய்விட்டால் அப்புறம் யார்?

ராப் பாடுகிறவர்களுக்கு டிவியில் ஒரு போட்டி நடந்தது. அதன் கடைசிச் சுற்று வந்த நாள், இன்றைக்கு மட்டும் கீழேயே இரேன் என்று காலையிலேயே கெஞ்சாத குறையாகக் கேட்டார். நாளைக்குக் காலையில் துணி கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏழரை ஆனதும் அவள் மேலே போய்விட்டாள். பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் பொறுக்க முடியாமல், அவளைக் கையோடு கூட்டிவர மாடி ஏறினார்.

மேல் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தையல் மெஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. டிவியில் அதே போட்டி. பேசிக்கொண்டிருந்தது அவர் மனைவி.

“ஜட்ஜ் அழறாராம். சத்தம்தான் வருது, சொட்டுத் தண்ணியைக் காணோம்.”

தையல்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் திரையில் ஒருவன் நெஞ்சில் குத்திக்கொண்டு, எனக்கு ஈடு எவன் இருக்கிறான் என்று கத்தினான்.

“ஏன், எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார்,” என்றாள் மனைவி. “என்ன, அவருக்கு யாரும் மைக் குடுக்கல. குடுக்காமலே இந்தப் பாடு.”

கதவுக்கு வெளியே நின்றவருக்குள் இருந்த ரசிகர் களுக்கென்று சிரித்துவிட்டார். அது தன்னைச் சொன்னது என்று புருஷனுக்கு அப்புறம்தான் உறைத்தது. முகம் சுண்டிப்போய் உள்ளே வந்தார். பத்து நிமிஷமாகக் கீழே தனக்குத்தானே அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் வராது. அது வேறு எரிந்தது.

“இதையெல்லாம் நம்ம வீட்ல ஒரு நாளாவது பேசியிருக்கியா நீ?”

அவள் பதறவில்லை. “எப்பப் பேசறது? தண்ணி குடிக்கப் போனாக்கூட சமையல்கட்டுலேர்ந்து பேசிக்கிட்டேதானே இருந்தீங்க. சரி, விளம்பரம் போடறப்பவாவது நிறுத்துவீங்கன்னு இருபத்திரண்டு வருஷமா பாத்தேங்க. நீங்க விளம்பரத்தையும் திட்டினீங்க.”

தையல்காரப் பெண் சங்கடத்தோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

அடுத்தவன் வந்து பாடினான். படுமட்டம். அவருக்கு நாக்கு அரித்தது, நல்லதாக ஒன்று நுனிவரைக்கும் வந்தும் விட்டது. வாயைத் திறந்தார். தையல்காரப் பெண்ணும் மாமியாரும் அதற்குள் அவர் மனைவி பக்கம் திரும்பிவிட்டார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். அவருக்குக் கசந்தது அதுகூட இல்லை. அவருக்கும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்றுதான் கேட்க வேண்டும்போல இருந்தது.